இரண்டாவது ரிமோட்

இமானுவேல் கடலாடியிலிருந்து ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டு, பிளக்கைக் கையில் பிடித்தபடி சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய முள் பிளக் சொருக அந்த வீட்டில் ஒரே ஓர் இடம்தான். அதை ஏற்கெனவே ஒரு வயர் பிடித்துக்கொண்டிருந்தது. வயர் போய்ச் சேர்ந்த இடத்தில் அரசாங்கம் கொடுத்த பழைய இலவச டிவியும், அதற்குக் கீழே முக்காலியில் அரக்குச் சிவப்பும் பழுத்த வெள்ளையுமாக ஒரு வீடியோ கேம் பெட்டியும் இருந்தன. திரையில் ஒரு குள்ளன் பாலத்தின் நடுவே ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றான். காலையில் முத்துராமலிங்கத்தின் மூச்சு நின்றதிலிருந்து அவனும் அப்படியேதான் நிற்கிறான்.

"அக்கா, இதப் புடுங்கிறவா?" என்றான் இமானுவேல்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தார்கள். சாவு வீட்டில் இதென்ன கூத்து என்று கேட்க எல்லோருக்கும் நாக்கு துறுதுறுத்தது. செத்தவரின் மகள் கனகலட்சுமி முகத்தை வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு யாரும் கேட்கவில்லை.

பிடுங்கினால் பிடுங்கியதுதான். விட்ட இடத்திலிருந்து தொடரும் சொகுசெல்லாம் பிற்பாடு வந்த பெட்டிகளுக்கு. இந்தப் பெட்டியில், இந்த கேசட்டில், கரண்ட் போனால் அத்தனை கோட்டையையும் முதலிலிருந்து ஏறி வரவேண்டும். அந்தக் கடைசிப் பாலத்துக்குக் கனகலட்சுமி வந்து சேர்ந்தது ஆயுளில் இதுதான் முதல் தடவை. சின்ன வயதில் ஒவ்வொரு முறையும் ஊருக்கு வரும் கரண்ட் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

"நானே புடுங்குறேன்" என்று எழுந்துபோய் வயரைப் பிடுங்கினாள். குள்ளன் பாலத்தோடு ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கிக் காணாமல் போனான். ஃப்ரீசர் உறும ஆரம்பித்தது. பெண்களும் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள்.

கனகலட்சுமிக்கு அழுகை வரவில்லை. தகப்பனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை என்று பாவாடை தாவணி காலத்திலேயே முடிவு செய்துவிட்டவள் அவள். இப்போது அவள் மனத்தில் கிடந்தது வேறு. தம்பி வினோத்குமார் பெங்களூரிலிருந்து விமானம் ஏறிவிட்டான். மதுரையில் இறங்கிக் கார் பிடித்து மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவான். வந்ததும் இந்தப் பெட்டியைக் கேட்பான்.

பெட்டி அந்த வீட்டுக்கு வந்த கதை ஊருக்கே தெரியும், தப்பாக. சரியான கதை இதுதான். கனகலட்சுமி பெரியமனுஷியான சடங்குக்குச் சிங்கப்பூரிலிருந்த தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். பட்டுச்சேலை, பழம், நல்லெண்ணெய், முட்டை என்று வரிசையாக வந்த தாம்பாளங்களில் ஒன்றில் இந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. சடங்குக்குப் பிள்ளையைத் தனியே உட்கார வைத்துவிடுவார்களே, பொழுது போகவேண்டாமா என்பது மாமாவின் நியாயம். இன்னதென்று தெரியாமலே பெண்கள் அதற்கும் குங்குமம் வைத்து ஆரத்தி சுற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அது ஜப்பான்காரன் டிவிக்கென்று செய்த பெட்டி. நம்மூர் டிவியில் படம் உருண்டுகொண்டே இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் பாக்கர் வந்து டிவியின் முதுகைத் திறந்து ஏதோ செய்தார். படம் நின்றது, கலர் வரவில்லை. அதனால் அந்த வீட்டில் அந்தப் பெட்டியின் வானம் கடைசிவரை சாம்பல் நிறம்தான்.

பெட்டியோடு சேர்ந்தே, விளையாடுவதற்கென்று வயரில் இரண்டு ரிமோட் தொங்கும். இரண்டாவது ரிமோட்டில் பொடியாக ஒரு மைக் உண்டு. அதில் பேசினால் குரல் டிவியில் கேட்கும். ஜப்பான்காரன் எதற்காக அதை வைத்தானோ, அந்த வீட்டில் அது வம்புக்குத்தான் பயன்பட்டது. சடங்கு முடிந்த கையோடு, ஒன்பதாம் வகுப்போடு போதும் என்று முத்துராமலிங்கம் மகளின் படிப்பை நிறுத்தியிருந்த நேரம். முற்றத்தில் கண்மாய் மடை விஷயமாக ஆட்கள் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வினோத், "அக்கா, அய்யாவப் பத்தி இதுல ஏதாச்சும் சொல்லுக்கா" என்று அவளைத் தூண்டிவிட்டான். அவளும் அய்யாவின் கட்டைக் குரலிலேயே, "முத்துராமலிங்கம் பெரிய மீசக்காரரு. ஆனா நாலு பேரு வாய்க்குப் பயந்துக்கிட்டு மகளப் பள்ளிக்கொடம் அனுப்ப மாட்டாரு" என்றாள். அவள் வாயைத் திறந்த நேரம் பார்த்து டிவியின் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டது வினோத்தின் கை. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

முத்துராமலிங்கம் உள்ளே வந்தார். அடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த அரிவாளை எடுத்து, இரண்டாவது ரிமோட்டின் வயரைப் பெட்டியோடு ஒட்ட அறுத்து, ரிமோட்டைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார். அன்றைக்கு நிறுத்தியவர்தான், மகளோடு நேருக்கு நேர் பேசவே இல்லை. "அவகிட்டச் சொல்லு" என்று மனைவி சேதுலட்சுமி மூலமாகத்தான் எல்லாம். கல்யாணத்தன்றுகூட அப்படித்தான். கடலாடியில் உரக்கடை வைத்திருந்த மாப்பிள்ளை நல்ல மனிதராக வாய்த்தது அவள் அதிர்ஷ்டம், அதில் அய்யாவுக்குப் பங்கில்லை.

மிஞ்சிய ஒற்றை ரிமோட் வினோத்துக்குப் போனது. அவன் பள்ளிக்கூடம் போயிருக்கும் பகலில் உலை கொதிக்கும் நேரத்தைத் திருடி அவள் விளையாடுவாள். சாயங்காலம் அவன் விளையாட, அவள் சோறு போடுவாள். அவன் படித்து, பெங்களூரில் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் பெரிய ஆளானான். அதோடு விட்டிருந்தால் போனால் போகிறதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள்.

போன வருடம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ மேடையில் நின்று வினோத் பேசுகிறான். ஜப்பானில் எண்பத்து மூன்றில் பிறந்த ஃபேமிகாம் என்கிற இந்தப் பெட்டிதான், அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துக் கிடந்த காலத்தில் அதைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டது, சீனாவிலிருந்து இதன் நகல்கள் வந்துதான் நம்மூர்ப் பிள்ளைகள் விளையாடப் பழகினார்கள், இன்று செல்போனில் தட்டுகிற விளையாட்டுக்கெல்லாம் இதுதான் பாட்டன் என்று சொல்லிக்கொண்டு போனான். அதெல்லாம் சரிதான். பிறகு திரையில் இந்தப் பெட்டியின் போட்டோ வந்தது, அறுந்த வயரோடு. என்றைக்கோ ஊருக்கு வந்தபோது பரணில் வைத்து எடுத்திருக்கிறான். "எங்க அய்யா ஒரு விவசாயி. எனக்காக ஆசையா வாங்கிக் கொடுத்தது. வயல்வேலை முடிஞ்சு வந்து என் பக்கத்துல உட்கார்ந்து விளையாடுவார். விளையாடி விளையாடி அந்த ரெண்டாவது ரிமோட் வயரே அறுந்து போச்சு" என்றான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த நீல வானம் இன்னும் கண்ணில் நிற்கிறது என்று வேறு சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கனகலட்சுமி உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே நின்று, போன் சுடுகிற வரைக்கும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மாமா இல்லை, சடங்கு இல்லை, அரிவாள் இல்லை. அக்கா என்ற ஒரு சொல் எங்கேயும் இல்லை. அய்யா அவள் பள்ளிக்கூடத்தைத்தான் பிடுங்கினார். இவன் அவள் இருந்ததையே பிடுங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் பலமுறை போன் செய்தான். கம்பெனியில் பழைய பெட்டிகளுக்கென்று ஒரு கூடம் கட்டுகிறார்கள், இதை நடுவில் வைத்து அய்யாவின் பெயரைப் போடப் போகிறார்கள், தேடி எடுத்து வை என்றான். எலி கடித்துவிட்டது என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லும்போது பெட்டி அவள் மடியில் இருந்தது.

அதுவும் ஒரு கணக்குத் தீர்க்கத்தான். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, அய்யா வாதத்தில் விழுந்து வலப்பக்கமும் பேச்சும் போய்க் கிடந்தபோது, மதுரையில் ஒரு ஹோமில் சேர்க்கலாம் என்று வினோத் சொன்னான். அவள் விடவில்லை. ஊரே அவள் பாசத்தைப் பேசியது. பாசமாவது ஒன்றாவது. கண்முன்னால் வேண்டும், அவ்வளவுதான். கடலாடியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் கஞ்சியோடு வருவாள். அவர்கள் வயலில் வேலை பார்க்கும் உலகம்மாளும் அவளும் சேர்ந்து அவரைப் புரட்டித் துடைத்து வேறு வேட்டி மாற்றுவார்கள். பிறகு பரணிலிருந்து இறக்கிய பெட்டியை இலவச டிவியில் மாட்டி, அய்யாவின் கட்டிலை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டு, பக்கத்தில் முக்காலியை நகர்த்தி உட்கார்ந்து விளையாடுவாள். "பாத்துக்கிட்டுக் கெடங்க" என்றாள் முதல் நாள். அந்தக் காலத்துக்குப் பிறகு அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவள் கட்டிலையே சுற்றித் திருப்பிப் போட்டாள். இனி எந்தப் பக்கம் திருப்புவார்?

இப்படி இரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்று காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பாலத்தில் கால் வைத்த நேரம் அய்யாவின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. "செத்த இருங்க, இந்தப் பாலத்தத் தாண்டிக்கிறேன்" என்று திரும்பாமலே சொன்னாள். சத்தம் நின்றுபோனது. அது நின்ற விதம் பிடிக்காமல் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்போது போனார் என்று கேட்டவர்களிடமெல்லாம் கஞ்சி குடித்துவிட்டுத் தூக்கத்தில் என்று சொல்லிவைத்தாள்.

வினோத் வந்தான். காரிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டு வந்து ஃப்ரீசர் கண்ணாடிமேல் விழுந்தான். மேடையில்லாமலே நன்றாக அழுதான். பொய்யழுகையாக இருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நிஜமாகவே அழுதான், அதுதான் எரிச்சல்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தித் துடைக்கும்போது டிவிக்குக் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டான். அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"பெட்டி முழுசா இருக்கேக்கா. எலி கடிச்சிருச்சுன்ன?"

"எலி மனசு மாறிருச்சு" என்றாள்.

அவன் சிரிக்கவா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, நாளைக்குச் சாம்பல் அள்ளி ராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டு அப்படியே பெட்டியைக் கையோடு கொண்டுபோகிறேன் என்றான். அடுத்த மாதம் கூடத்துத் திறப்பு விழாவாம். அய்யா இறந்த சமயத்தில் அது அங்கே போய்ச் சேர்வது அவருக்குச் செய்கிற பெரிய மரியாதையாம். அவள் சரி என்று சொன்னாள். நீ பெரிய மனசுக்காரிக்கா என்று தோளைத் தொட்டுவிட்டு, போனில் யாருக்கோ இங்கிலீஷில் அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டே போனான்.

துவைகல்லில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அவன் எடுப்பதற்குள் உடைத்துப் போட்டுவிடலாம். உடைந்ததையும் ஒட்டவைத்து ஒரு கதை சொல்லுவான். கிணற்றில் போடலாம். அதையும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவான். எங்கே கொண்டுபோய்ப் போட்டால் அவனால் வாயைத் திறக்க முடியாது? அதற்கும் விடை கிடைத்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பாடை தூக்குவதற்கு முன்னால், செத்தவருக்குப் பிரியமான பொருள் ஏதாவது இருந்தால் பிள்ளைகள் கொண்டுவந்து கூட வைப்பார்கள். ஒருவருக்கு வெற்றிலைப் பெட்டி, ஒருவருக்குச் சீட்டுக்கட்டு. மண்டபம் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த ஒருவருக்கு டிரான்சிஸ்டர் போனது, பேட்டரியோடு. பாடையில் ஏறிய பொருளை யாரும் தொடக்கூடாது, அது வீட்டு வாசல்படி திரும்ப ஏறினால் அந்த வீடு விளங்காது. இந்தச் சட்டத்தையெல்லாம் கட்டிக் காப்பவர் அய்யாவின் பங்காளி சின்னச்சாமி சித்தப்பா. அவர் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் கலெக்டர் வந்தாலும் மாற்ற முடியாது.

கனகலட்சுமி உள்ளே போய் ஒரு துணியால் பெட்டியைத் துடைத்தாள். மிஞ்சியிருந்த ரிமோட்டின் வயரை நிதானமாகச் சுற்றினாள். கேசட்டை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கூடவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று வந்த சீரில் மிஞ்சியது அது ஒன்றுதான். பட்டுச்சேலையைக்கூடத் தம்பியின் கல்லூரிச் செலவுக்கென்று நகையோடு சேர்த்து விற்றுவிட்டார்கள்.

அய்யாவைக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். மகள் வீட்டுக் கோடி வேட்டியைப் போர்த்தினார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்தது. சின்னச்சாமி கம்பைத் தரையில் தட்டி, "பிரியப்பட்ட பொருளு இருந்தா வைங்கத்தா, பொழுது இறங்குது" என்றார்.

அவள் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அய்யாவின் நெஞ்சில் வைத்தாள். கோடி வேட்டியின் முனையை அதன்மேல் மடித்துப் போட்டு, பாடைக்கயிற்றில் கொஞ்சம் இழுத்து இறுக்கி ஒரு முடிச்சும் போட்டுவிட்டாள். கூட்டம் எட்டிப் பார்த்தது.

"அக்கா, என்ன பண்ற?" என்று வினோத் முன்னால் வந்தான்.

"ஏன்ப்பா? அய்யா ஆசையா வாங்குனது. ராத்திரியெல்லாம் ஒங்கூட ஒக்காந்து வெளாண்டது. அவரு பொருளு அவரோட போகட்டும்" என்றாள், தெருக்கோடி வரைக்கும் கேட்கும் குரலில்.

"அது... அது வேணாம்க்கா. பிளாஸ்டிக். எரிச்சா வெசப்பொகை."

சின்னச்சாமிக்கு இது பிடிக்கவில்லை. "டயரப் போட்டு எரிக்கிற எடத்துல பொகையப் பத்திப் பேசுற. ஏலே, வீடியோவுல நீதானலே சொன்ன? ரெண்டு பேரும் வெளாண்டு வயரே அறுந்து போச்சுன்னு? ஊரே பாத்துச்சேப்பா. இதவிடப் பிரியப்பட்ட பொருளு வேற என்ன இருக்கு அண்ணனுக்கு?"

ஆமாம் ஆமாம் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒரு கிழவர், நானும் பார்த்தேன், என் பேரன் காட்டினான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். வினோத் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அவன் சொன்ன கதை அத்தனை பேர் வாயிலும் இருந்தது. கனகலட்சுமிக்குக் குளிர்ந்த மோர் குடித்ததுபோல இருந்தது.

அவன் பாடையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து குனிந்து, வேட்டியைச் சரி செய்கிறவன்போலக் காதோடு பேசினான். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் அக்கா, அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது, என் மானம் போய்விடும், உனக்கு என்ன வேண்டுமோ கேள் என்றான்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் அவளும் மெதுவாக. "அந்த வயர யாரு அறுத்தா, எதுக்கு அறுத்தா. இத்தன பேருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு. இந்த நிமிசமே முடிச்ச அவுத்து ஒங்கையில தாரேன்."

அவள் நிஜமாகவே தந்திருப்பாள். கை முடிச்சின்மேல்தான் இருந்தது. வினோத் நிமிர்ந்தான். எதிரே ஊர் நின்றது. அவனோடு படித்தவர்கள் நின்றார்கள். அவனைத் தம் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டுகிறவர்கள் நின்றார்கள். அய்யா நெற்றியில் காசோடு கிடந்தார். சங்கு ஊதினார்கள். அவன் குனிந்து பாடையின் முன்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். கனகலட்சுமி அங்கே நின்று, வெள்ளைத் துணிக்குக் கீழே சதுரமாகப் புடைத்துத் தெரிந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீமைக் கருவேலங்காட்டு வளைவில் பாடை திரும்பி மறைந்தது. சுடுகாட்டில் அவன் எடுத்து ஒளித்துவிட்டால் என்ற பயம் அப்போதுதான் வந்தது. போய்ப் பார்க்க முடியாது. மகள் என்றால் இவ்வளவு தூரம்தான் என்று யாரோ எப்போதோ கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. ஆண்கள் வருவதற்குள் வீட்டைக் கழுவ வேண்டும். உலகம்மாள் தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்துவந்து வாசலை மட்டும் கழுவினாள். கனகலட்சுமி கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். முப்பது வருடத்துக் கடன் ஒரே மாலையில் தீர்ந்திருக்கிறது. இந்நேரம் பற்றியிருக்கும், இந்நேரம் உருகியிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். தினமும் இந்த நேரத்துக்குக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். இன்று எங்கே போவதென்று தெரியாததுபோல இருந்தது.

இருட்டும் நேரத்துக்கு ஆண்கள் திரும்பினார்கள். சின்னச்சாமி கால் கழுவிவிட்டு வந்து, விளக்கைக் கும்பிட்டுவிட்டு அவளிடம் சொன்னார். கொள்ளி வைக்கிற நேரத்தில் வினோத்தின் கை பெட்டிமேல் போயிருக்கிறது. "ஏலேன்னு ஒரு சத்தம் போட்டேன். கைய எடுத்துட்டான். நல்லா வெந்திருச்சுத்தா, ஒண்ணும் மிச்சமில்ல" என்றார். எதைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு கரண்ட் வந்தது. உலகம்மாள் மோட்டாரைப் போட்டாள். கனகலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடத்தைக் கழுவ ஆரம்பித்தாள். வினோத் மொட்டைத் தலையோடு நிலைப்படிக்கு உட்பக்கம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். போனைக் கவிழ்த்து வைத்திருந்தான். அது நடுங்கி நடுங்கி அடங்கியது.

"நாந்தேன்க்கா டிவி சத்தத்தக் கூட்டுனேன்" என்றான். பெங்களூர்த் தமிழ் போய்ப் பழைய பேச்சு வந்திருந்தது. "அத அங்கன வச்சே சொல்லிருக்கணும்."

"சொல்லலைல்ல" என்றாள். விளக்குமாறு நிற்கவில்லை.

உலகம்மாள் வாளியைக் கொண்டுவந்து இறக்கினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாவு வீட்டில் ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. "அதையும் கூட அனுப்புனது நல்லதுதேன் தாயி. அது இல்லாம அய்யா அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு இருப்பாரு, பாவம்" என்றாள்.

வினோத் நிமிர்ந்தான். "எத?"

"ஒங்களுக்குத் தெரியாதா தம்பி? அக்கா வந்து ரிமோட்டக் கையில எடுக்குற வரைக்கும் அய்யா கஞ்சிக்கு வாயத் தொறக்க மாட்டாருல்ல. அக்கா வராத நாளு நான் கெஞ்சிப் பாத்துட்டுக் கஞ்சிய மாட்டுக்குத்தேன் ஊத்துவேன். அந்தக் குள்ளப்பய குழியில விழுந்தா அய்யா 'ம்ச்'சும்பாரு. தாண்டிட்டா இந்த எடக்கைய இப்பிடித் தட்டுவாரு, கட்டில் சட்டத்துல."

"வேலையப் பாரு, உலகம்மா" என்றாள் கனகலட்சுமி.

அவளுக்குத் தெரியாததில்லை. 'ம்ச்' அவள் காதுக்குப் பக்கத்தில்தான் கேட்டது. கட்டில் சட்டத்தில் தட்டுகிற சத்தத்துக்காகவே கஷ்டமான குழியை முதலில் தாண்டிய நாட்களும் உண்டு. அதற்குக் கிழவரின் வீம்பு என்று பெயர் வைத்து, தன் பழியைப் பழியாகவே இரண்டு வருடம் காப்பாற்றி வந்தாள். அய்யா பக்கத்தில் இருந்து விளையாடினார் என்று ஊர் முன்னால் இன்று அவள் சொன்னது பொய்யில்லை, ஆளைத் தவிர.

வினோத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, அப்ப அய்யா... நெசமாவே பக்கத்துல இருந்து..." என்று ஆரம்பித்தான்.

அவள் வாளியைத் தூக்கிக் கட்டில் கிடந்த இடத்தில் ஊற்றினாள். மஞ்சளும் எண்ணெயும் கரைந்த தண்ணீர் அவன் இருக்கும் பக்கம் ஓடிவந்தது.

"காலத் தூக்கு" என்றாள்.

அவன் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான். தண்ணீர் அவற்றுக்குக் கீழே நுழைந்து, வாசல்படியைத் தாண்டி, இருட்டுக்குள் போனது. அவள் அடுத்த வாளியை எடுக்கப் போனாள்.